மூன்று சுற்று கூடிப்போன மோட்டார்

மரியே வாழ்க

கல்மண்டபம், ராயபுரம்
ஜூன் 18

அன்பு மகள் மெர்லினுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளை பிராங்கிளினும் என் பேரன் ஜெரியும் சுகமாக இருக்கவேண்டும் என்று மாதாவிடம் தினமும் நச்சரித்து வாங்கி வைத்திருக்கிறேன், அதனால் சுகமா என்று தனியாகக் கேட்கவில்லை, சுகமாகத்தான் இருப்பீர்கள். இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்கு இந்த மாதம் இழுப்பு வரவில்லை, மணலி ஆலைப் புகைக் காற்று இந்தப் பக்கம் திரும்புகிற நாளில் மட்டும் சாயங்காலம் கொஞ்சம் இருமுகிறார், மருந்தை நேரத்துக்கு உறிஞ்சுகிறார், நான் நின்று பார்க்கிறேன். போன் இருக்கும்போது இவள் ஏன் பேனாவை எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்லும்போதே சரிம்மா ட்யூட்டிக்கு நேரமாச்சு என்று ஓடிவிடுகிறாய், நர்ஸ் வேலை அப்படி, உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் இது துண்டு துண்டாகச் சொல்லும் விஷயம் இல்லை, உன்னை உட்கார வைத்து முதலிலிருந்து சொல்லவேண்டும், பாதியில் நீ குறுக்கே பேசவும் கூடாது. என்னோடு வேலை செய்கிற சாபிராவின் அக்கா மகன் தவ்ஃபீக் உங்கள் அயர்லாந்துக்குப் படிக்க வருகிறான், அவன் கையில்தான் பார்சலும் இந்தக் கடிதமும் வருகிறது. டீயைப் போட்டு வைத்துக்கொண்டு படி, ஏனென்றால் உன் அம்மா இப்போது தரையில் நடக்கவில்லை.

நமக்குள் என்ன பேச்சு என்று மறந்திருக்க மாட்டாய். ஏப்ரலில் நான் தனியாகக் கடை போடுகிறேன் என்றதும் நீ அழுதாய். அம்பத்துமூன்று வயசில் உனக்கு எதுக்கும்மா இதெல்லாம், அப்பாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து இரு, அந்தப் புகையில் எதற்குக் கிடக்கிறீர்கள் என்று கேட்டாய். நியாயமான கேள்விதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிகிற வரைக்கும் என்னை விடு, படகெல்லாம் கடலுக்குப் போகிற அன்றைக்கு என் கடை நிற்கவில்லை என்றால் நானே சட்டரை இழுத்துவிட்டு அப்பாவோடு விமானம் ஏறிவிடுகிறேன், அப்புறம் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று நான்தான் சொன்னேன். நீயும் ஒத்துக்கொண்டாய். அந்தப் பேச்சுக்குக் கட்டுப்பட்டுத்தான் பெயர்ப் பலகையை எழுதி வாங்கியும் மாட்டாமல், பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தேன். உன் அப்பாவுக்குக் கூட அதைத் தொட அனுமதி இல்லை.

ஜெரி கேட்டால் பாட்டி என்ன வேலை செய்கிறாள் என்று சரியாகச் சொல். மோட்டார் எரிந்துபோனால் உள்ளே கருகிக் கிடக்கிற செப்புக் கம்பியை எடுத்துவிட்டு, புதுக் கம்பியை அதே எண்ணிக்கையில் சுற்றிக் காயில் கட்டி, உள்ளே படுக்கவைத்து மறுபடி ஓட வைப்பாள் என்று சொல். நீ யூனிஃபார்ம் போட்டுப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷத்திலிருந்து திருவொற்றியூரில் கிருஷ்ணப்பன் முதலாளி கடையில் நானும் சாபிராவும் அதைத்தான் செய்தோம், நான் காயில் சுற்றுவேன், அவள் உள்ளே இறக்குவாள். மார்ச் மாதம் அவர் எங்களைக் கூப்பிட்டு, தானா சுத்துற மிஷின் வருது, நீங்க ரெண்டு பேரும் இனிமே புது மோட்டாரு பேக்கிங்ல உக்காந்துக்கோங்க என்றார். சாபிரா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், ரெண்டு பேரும் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். வந்தபிறகுதான் பயம் வந்தது, அது வேறு கதை. முதலாளியைத் திட்டாதே, அவரே மறுநாள் காயில் சுற்றுகிற பழைய கைமிஷினை வண்டியில் ஏற்றி அனுப்பினார், இத்த வச்சிகினு பொழச்சிக்கோ சில்வியா என்று சொல்லியனுப்பினார். அதில் எண்ணிக்கை காட்டுகிற மீட்டர் செத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது, மற்றபடி கல் மாதிரி இருக்கிறது.

கடை நம் தெருவிலிருந்து கூப்பிடு தூரம், மாதா கோவிலுக்குப் போகிற சந்தில் முன்பு சைக்கிள் கடை இருந்ததே அந்த இடம். ஏப்ரலில் என்ன வேலை வரும் சொல். படகு ஓடவில்லை, மீன் இல்லை, இந்தப் பக்கத்தில் யார் கையிலும் காசு ஓடாது. மிக்ஸி, டேபிள் பேன், குடிதண்ணீர் மோட்டார் என்று சில்லறை வேலைதான் வந்தது. உன் அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற விஞ்ச் ஓட்டி ரிட்டையரானவர், வீட்டில் சும்மா இருந்தவர், இப்போது எங்கள் கடைக்கு மேனேஜர் என்று அவரே பதவி கொடுத்துக்கொண்டார். வேலை என்னவென்றால் டீ வாங்குவது, எரிந்த கம்பியை அறுத்து எடுப்பது, போகிற வருகிறவர்களிடம் எங்க மொதலாளியம்மா உள்ள கீறாங்க என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. சாபிரா சிரித்துச் சிரித்து இருமிவிடுவாள். ஆனாலும் மே மாதம் முழுக்க எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது, மிக்ஸி கட்டியே ஒரு கடை நிற்குமா, மெர்லின் சொன்னதுதான் நடக்கப்போகிறதோ என்று.

அப்போதுதான், தடை முடிய நான்கைந்து நாள் இருக்கும், காசிமேட்டு ஐஸ் கம்பெனி மனோகரன் வந்தார். நீ பார்த்திருப்பாய், நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு எப்போதும் அவசரத்தில் இருப்பாரே, அவர்தான். இரண்டு மாதம் சும்மா கிடந்த மெஷினை ஓட்டிப் பார்த்தபோது பெரிய மோட்டார் எரிந்துவிட்டது. படகு கடலுக்குப் போகவேண்டும் என்றால் ஐஸ் வேண்டும், ஐஸ் வேண்டும் என்றால் அந்த மோட்டார் வேண்டும், அவரிடம் ஐஸ் எடுக்கிற படகுக்காரர்கள் எல்லாம் அவர் உயிரை எடுக்கிறார்கள். மனுஷன் கடை வாசலில் நின்றபடியே, யக்கா, கிருஷ்ணப்பன் கடையில கட்டிக் குடுத்த என் மோட்டாரு எட்டு வருசம் ஓடிச்சி, அந்தக் கை இங்க கீதுன்னு சொன்னாங்க, அதான் வந்துகினேன், பதினாலாந்தேதி எனக்கு ஐஸ் வோணும், முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, பேஜாரு பண்ணாத என்றார். மெர்லின், இத்தனை வருஷத்தில் அந்தக் கை எங்கே என்று தேடிக்கொண்டு ஒருவரும் வந்ததில்லை, கடை எங்கே என்றுதான் கேட்பார்கள். முடியும் என்று என் வாய் சொல்லிவிட்டது, சாபிரா பின்னால் இருந்து என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள். நாலு ஆள் சேர்ந்து மோட்டாரை இறக்கினார்கள், கடையில் பாதி இடம் அதற்கே போய்விட்டது.

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டோம். அப்பா கருகின கம்பியை அறுத்தெடுக்க, நான் பழைய காயிலை எண்ணி வைத்துக்கொண்டேன், காயிலுக்கு முப்பது சுற்று. பெரிய மோட்டாருக்குக் கம்பி தடிமன், ஒரு சுற்றின் பக்கத்தில் இன்னொரு சுற்றை நெருக்கிப் படுக்கவைத்துப் பொறுமையாகத்தான் கைப்பிடியைச் சுற்றமுடியும். நான் எப்படி எண்ணுவேன் என்று உனக்குத் தெரியும், நீ கேலி செய்வாயே. இடது கையில் துணியோடு கம்பியைப் பிடித்து, அதே கையில் செபமாலையைச் சுற்றி வைத்திருப்பேன். ஒரு சுற்றுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே செபம், கட்டைவிரல் ஒரு மணியைத் தள்ளும். பத்து முடிந்தால் ஒரு பிதாவுக்கும் சுதனுக்கும். மூன்று பத்து மணி முடிந்தால் ஒரு காயில் முடிந்தது. இருபது வருஷமாக இந்தக் கணக்கு தவறியதே இல்லை. நீ அங்கிருந்து டிஜிட்டல் கவுன்டர் வாங்கி அனுப்புகிறேன் என்றபோது, மாதா இருக்கும்போது பேட்டரி எதற்கு என்று பெரிய இவள் மாதிரி பேசினேன். அதையும் நினைவில் வைத்துக்கொள், பின்னால் வருகிறது.

காயில் எல்லாம் சுற்றி, சாபிரா கரண்டு தாண்டாமல் இருக்கக் காகிதம் வைத்து ஒவ்வொன்றாக இறக்கிக் கட்டி, இணைப்புக் கொடுத்து, பன்னிரண்டாம் தேதி மத்தியானம் போல மோட்டாரைச் சும்மா ஓட்டிப் பார்த்தோம். வார்னிஷ் ஊற்றுவதற்கு முன்னால் ஓட்டிப் பார்க்காமல் நான் விடவே மாட்டேன், ஊற்றிக் காயவைத்துவிட்டால் உள்ளே எல்லாம் கல்லாகிவிடும், அப்புறம் ஒன்றைத் திருத்த எல்லாவற்றையும் உடைக்கவேண்டும். ஓடியது. அப்பா கை தட்டினார். நான் ஸ்குரூடிரைவரை மோட்டார் மேல் வைத்து அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன், அடியில் ஒரு முனகல். மூன்று லைனிலும் கரண்டு ஒரே மாதிரி வரவேண்டும், அளந்தால் ஒன்று மட்டும் கொஞ்சம் விலகி நிற்கிறது. அதிகம் இல்லை மெர்லின், கொஞ்சம்தான். வேறு யாராக இருந்தாலும் பரவாயில்லை என்று வார்னிஷ் ஊற்றி அனுப்பிவிடுவார்கள், ஒரு சீசன் ஓடிவிடும், ரெண்டு சீசன்கூட ஓடும். சாபிரா என் முகத்தைப் பார்த்துவிட்டு, யக்கா வேணாம், ஆரம்பிக்காத, இது போதும் என்றாள். அப்பாவும் இன்னாம்மே, நூலு அளவுதான வித்தியாசம், உட்டுடு என்றார்.

அந்த நேரம் பார்த்து மனோகரன் போன். வார்னிஷ் ஆச்சா, நாளைக்குக் காலையில வண்டி அனுப்பட்டா என்கிறார். ஆமாம் என்று சொன்னால் எல்லாம் முடிந்தது, கடை நின்றுவிட்டது, நீயும் நானும் போட்ட பேச்சில் நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் அந்த மனுஷன் எட்டு வருசம் ஓடிய கையைத் தேடி வந்திருக்கிறார். கிருஷ்ணப்பன் கடையில் தப்பு நடந்தால் கிருஷ்ணப்பன் பெயர் போகும், இங்கே தப்பு நடந்தால் போக என் பெயரைத் தவிர வேறு என்ன இருக்கிறது. இல்லைங்க, ஒரு காயில் எனக்குத் திருப்தியாக இல்லை, பிரித்துப் பார்க்கப் போகிறேன், பதினாலாம் தேதி காலையில் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கத்தின கத்தலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன். பதினாலு காலையில ஓடலன்னா மோட்டார அப்படியே தூக்கினு போயி கிருஷ்ணப்பனாண்ட குடுத்துடுவேன், அப்பறம் இந்தப் பக்கம் ஒரு பயலும் உன் கடைக்கு வரமாட்டான் பாத்துக்கோ என்றார். செய்யக்கூடியவர்தான். நியாயமும் அவர் பக்கம்தான்.

உட்கார்ந்து பிரித்தோம். அந்த லைனில் இருந்த காயில்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கம்பியை எண்ணிக்கொண்டே வந்தோம், எல்லாம் முப்பது, முப்பது, முப்பது. ஒன்றே ஒன்று முப்பத்துமூன்று. சாபிரா மறுபடி எண்ணினாள், முப்பத்துமூன்று. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அவள் கையிலிருந்து வாங்கி நானும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன். ஒரு சுற்று கூடினால் கை தவறியது என்று சொல்லலாம், மூன்று எப்படிக் கூடும். கண் போய்விட்டதா, புத்தி போய்விட்டதா, செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே எண்ணத் தெரியாத கிழவி ஆகிவிட்டேனா. கடை நிற்காமல் போனால்கூடப் பரவாயில்லை, என் எண்ணிக்கையை நானே நம்பமுடியவில்லை என்றால் நான் என்ன செய்வது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்து, மெர்லினுக்குப் போன் போடுங்கள், டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு காயிலுக்கா ஊர உட்டுப் போறது, மொதல்ல கஞ்சியக் குடி, நாளைக்குப் பேசிக்கலாம் என்றார். நீ அன்றைக்குப் போன் செய்து அப்பா எடுக்கவில்லை என்று கோபித்தாயே, காரணம் இதுதான், அவரை மன்னித்துவிடு.

மறுநாள் பதின்மூன்று. பிரித்ததில் கம்பியெல்லாம் உரசிப்போயிருந்தது, அதனால் அந்த லைனுக்கு மொத்தமும் புதிதாகச் சுற்ற உட்கார்ந்தேன். பயந்து பயந்து சுற்றுகிறேன். சாபிரா எதிரில் உட்கார்ந்து காகிதம் வெட்டிக்கொண்டிருந்தாள், ஆனால் அவள் கண் என் கையில்தான் இருந்தது, அவளும் பயந்திருந்தாள் என்று பிறகு சொன்னாள். பன்னிரண்டு மணி ஆனது, கோவில் மணி அடித்தது. மணி நிற்கவில்லை, அதற்குள் சாபிரா கத்தினாள், யக்கா நிறுத்து, கைய எடு, கைய எடு, மாலையில மணி நவுரல, மிஷினு மட்டும் சுத்திகினு கீது என்று. நான் குனிந்து பார்க்கிறேன். கட்டைவிரல் அசையாமல் நிற்கிறது, வாய் கோவில் மணிக்கு வழக்கமாகச் சொல்கிற மூவேளை செபத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, வலது கை தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

புரிகிறதா மெர்லின்? மூவேளை செபத்தில் மூன்று அருள் நிறைந்த மரியே வரும். அது செபமாலைக் கணக்கில் சேராது, அதனால் விரல் மணியைத் தள்ளவில்லை. ஆனால் இந்தக் கைக்கு அதெல்லாம் தெரியுமா, அருள் நிறைந்த மரியே என்று காதில் விழுந்தால் ஒரு சுற்றுச் சுற்றவேண்டும் என்று இருபது வருஷமாகப் பழகி வைத்திருக்கிறது. அந்தக் காயிலைச் சுற்றின அன்றைக்கும் மணி அடித்தபோது மூன்று முறை சொல்லியிருக்கிறேன், மூன்று முறை சுற்றியிருக்கிறது. மிக்ஸிக் காயிலுக்கு நூற்றுக்கணக்கில் சுற்று, அதில் மூன்று கூடியிருந்தாலும் தெரிந்திருக்காது. திருவொற்றியூரில் இந்தத் தப்பு நடக்கவே முடியாது, அந்த ரோட்டில் டிரெய்லர் லாரி சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் கூப்பிட்டாலே காதில் விழாது, கோவில் மணி எங்கே கேட்கும். சொந்தக் கடையை ஆசையாகக் கோவிலுக்குப் பக்கத்தில் போட்டேன் பார், அதில் வந்த வினை. எனக்குப் புத்தியும் போகவில்லை கண்ணும் போகவில்லை, பக்திதான் கூடிப்போயிருக்கிறது. நான் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார், சாபிரா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், அப்பா டீயோடு வந்து நின்று ரெண்டு பேரையும் பார்த்து, போச்சு, ரெண்டும் கழண்டுகிச்சி என்றார். அப்புறம் எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில் வந்ததுதான். சாபிராதான் அப்போதே சட்டம் போட்டாள், ஒங்க மணி அடிக்கறப்ப மிஷின நான் புடிச்சிக்கறேன், எங்க பாங்கு சொல்றப்ப என் வேலைய நீ பாத்துக்கோ, நடுவுல எவளும் பேசக்கூடாது என்று. இப்போது எங்கள் கடையில் அதுதான் சட்டம்.

அதன் பிறகு வேலை எங்கே நின்றது. அன்று சாயங்காலத்துக்குள் இறக்கிக் கட்டி ஓட்டினோம், மூன்று லைனும் ஒன்றுபோல் வந்தது, ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்தால் ஒரு முனகல் இல்லை, தூங்குகிற குழந்தை மாதிரி ஒரே சீரான மூச்சு. வார்னிஷ் ஊற்றி உள்ளே குண்டு பல்பை எரியவிட்டுக் காயவைத்தோம். பதினாலாம் தேதி காலையில் வண்டி வந்தது, நானும் மோட்டாரோடு வண்டியிலேயே ஏறிப் போனேன், காசிமேடு முழுக்கப் பார்த்தது. ஐஸ் கம்பெனியில் மாட்டி சுவிட்சைப் போட்டபோது மனோகரன் என் பக்கத்தில் நிற்காமல் வாசலில் போய் நின்றுகொண்டார், அவ்வளவு பயம். ஓடியது மெர்லின். ஓடிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் முதல் ஐஸ் பார் சறுக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அதைப் போய்த் தொட்டுப் பார்த்தேன், என் கை விறைத்துவிட்டது, எடுக்க மனம் வரவில்லை. மறுநாள் விடியும்போது நானும் அப்பாவும் துறைமுகத்துக்குப் போனோம், படகெல்லாம் பட்டாசு வெடித்துக்கொண்டு கிளம்பிப் போகிறது, பெண்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள், அப்பா என் காதில், அத்தினி போட்டுலயும் உன் ஐஸு போவுது பாரு என்றார். எல்லாப் படகும் மனோகரனிடம் ஐஸ் எடுப்பதில்லை, ஆனாலும் நான் திருத்தவில்லை.

மனோகரன் நேற்று ஆள் விட்டுக் கூப்பிட்டார். இன்னும் மூன்று மோட்டார் இருக்கிறதாம், மழைக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கட்டித் தரவேண்டுமாம், எண்ணூரில் அவர் மச்சான் கம்பெனிக்கும் சொல்லியிருக்கிறாராம். அதோடு ஒன்று சொன்னார், இன்னாக்கா நீ, மோட்டாரு மேல பேரே எழுதாம குடுத்துட்ட, நாளைக்கு வேற எவனாவது பாத்தா யாரு கட்டுனதுன்னு எப்பிடித் தெரியும் என்று. கட்டிக் கொடுத்த கடையின் பெயரை மோட்டார் மேல் பெயிண்டால் எழுதுவது எங்கள் தொழிலில் வழக்கம், இத்தனை வருஷமும் நான் கட்டினதில் எல்லாம் கிருஷ்ணப்பன் என்று எழுதி எழுதிப் பழக்கம், என் பெயரை எழுதவேண்டும் என்றே தோன்றவில்லை பார். அப்பா வெள்ளைப் பெயிண்டும் பிரஷும் எடுத்துக்கொண்டு போய், சில்வியா சாபிரா ரீவைண்டிங், கல்மண்டபம் என்று எழுதிவிட்டு வந்தார். ரீ எழுத்து கொஞ்சம் கோணல். இன்றைக்குக் காலையில் பலகையும் பீரோ பின்னாலிருந்து வெளியே வந்து வாசலில் ஏறிவிட்டது, அதைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன், அப்பா பலகையை மறைத்துக்கொண்டு நிற்கிறார், அவரைத் தாண்டிப் பார்.

ஆகையால் கண்ணு, நான் உன்னோடு தங்க வரவில்லை. இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது, சொல்லாமல் இருக்க முடியாது. உன் பிள்ளையைத் தூக்க ஆசையில்லாமல் இல்லை, அவன் போனில் பாத்தி பாத்தி என்று சொல்கிறபோது இங்கே நான் படும் பாடு அப்பாவுக்குத்தான் தெரியும். ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என் கையைத் தேடி வந்திருக்கிறார், அதை விட்டுவிட்டு வந்தால் உன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன், உனக்கும் நிம்மதி இருக்காது. கிறிஸ்மஸுக்கு வருகிறோம், என் சம்பாத்தியத்தில் டிக்கெட் எடுத்து, போக வர எடுத்து. அப்பாவின் மூச்சுக்கு அங்கே ஒரு நல்ல டாக்டரைப் பார்த்து வை, அந்த விஷயத்தில் நீ சொல்வதைக் கேட்கிறேன், சண்டை போடமாட்டேன்.

மாப்பிள்ளை கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தனியாகப் பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாயே, தாராளமாகச் செய்யச் சொல், ஆனால் ஒரே நாளில் குதிக்க வேண்டாம், லீவு நாளில் இரண்டு வீடு அடித்துப் பார்க்கட்டும், வார்னிஷ் ஊற்றுமுன் ஓட்டிப் பார்ப்பது மாதிரி. கூட ஒரு சாபிரா கிடைத்தால் விடவேண்டாம் என்றும் சொல். நீ குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. ஜெரிக்குச் சாப்பிடும்போது போனைக் காட்டாதே, கதை சொல், ஐஸ் கம்பெனிக் கதையைச் சொல். பார்சலில் நெத்திலிக் கருவாடு தனியாகக் கட்டியிருக்கிறது, மாங்காய்த் தொக்கு சாபிரா கொடுத்தது, காரம் பார்த்துப் போடு. மறக்காமல் அந்த டிஜிட்டல் கவுன்டரை வாங்கி அனுப்பிவிடு, மாதாவே வாங்கச் சொல்லிவிட்டாள், சிரிக்காதே.

கருவாட்டுப் பொட்டலத்துக்கு அடியில் ஒரு சின்னச் செப்புக் கம்பிச் சுருள் இருக்கும், குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதே. முப்பத்துமூன்று சுற்று இருந்ததே, அந்தக் காயிலிலிருந்து கூடின மூன்று சுற்றை வெட்டி எடுத்து வைத்தேன். ஒன்றை உன்னிடம் சொன்னதே இல்லை. நீ விமானம் ஏறின நாளிலிருந்து மத்தியான மணிக்குச் சொல்கிற மூன்று அருள் நிறைந்த மரியேயையும் உங்களுக்குத்தான் ஒப்புக்கொடுக்கிறேன். முதலில் மூன்றும் உனக்காக இருந்தது, கல்யாணம் ஆனதும் ஒன்றை மாப்பிள்ளைக்குக் கொடுத்தேன், ஜெரி பிறந்ததும் ஒன்று அவனுக்கு. ஆக அந்த மோட்டாருக்குள் யாரையும் கேட்காமல் போய் உட்கார்ந்துகொண்டு முனகினது நீங்கள் மூன்று பேரும்தான். முதல் சுற்று நீ, இரண்டாவது மாப்பிள்ளை, மூன்றாவது ஜெரி, பத்திரமாக வை. இதோ மணி அடிக்கிறது, சாபிரா வந்து மிஷினைப் பிடித்துக்கொண்டாள், என் இரண்டு கையும் சும்மா இருக்கிறது, உங்களுக்காகச் சொல்லப் போகிறேன்.

மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு உன் அம்மா,
பா. சில்வியா
சில்வியா சாபிரா ரீவைண்டிங்,
கல்மண்டபம்